உடற்பயிற்சியை நேரத்தோடு கட்டாதீர்கள், டிரிப்போடு கட்டுங்கள்: நீலகிரி ஓட்டுநர், நடத்துநர் சகோதரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓட்டுநர், நடத்துநர் சகோதரர்களுக்கு,

வணக்கம்.

விடிகாலை முதல் டிரிப்புக்கு வண்டியை ஸ்டார்ட் செய்ததும் நாம் யாரும் கியர் போடுவதில்லை. பிரேக்குக்கான காற்றழுத்தத்தைக் காட்டுகிற ஏர் மீட்டரைப் பார்த்தபடி காத்திருப்போம். முள் மெதுவாக ஏறும், பஸர் கத்திக்கொண்டே இருக்கும். பஸர் அடங்கி, ஏர் முழுதாக ஏறிய பிறகுதான் ஹேண்ட் பிரேக்கில் கை போகும். ஜனவரி மாத உறைபனியில் முன் கண்ணாடியைத் துணியால் தேய்த்துத் தேய்த்து வழி பண்ணிக்கொண்டிருப்போம். மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பயணி "எடுங்கண்ணா, நேரமாச்சு" என்பார். எடுக்க மாட்டோம். ஏர் இல்லாமல் மலையில் வண்டி இறங்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

வண்டிக்காக ஒதுக்குகிற அந்த ஐந்து நிமிடத்தை உங்கள் உடம்புக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 54. சமவெளியில் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு மலைக்கு வந்தவன். கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, மேட்டுப்பாளையம் என்று இந்த ரோடுகளிலேயே 24 வருடம் போய்விட்டது. மருத்துவப் படிப்பெல்லாம் எனக்குக் கிடையாது. என் உடம்பில் நடந்ததையும், அதைப் பார்த்த டாக்டரும் பிசியோதெரபி அம்மாவும் சொன்னதையும், அப்புறம் நானே தேடிப் படித்துக்கொண்டதையும்தான் சொல்லப் போகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு மழை இரவு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வருகிற ரோட்டில் குஞ்சப்பனை தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே இறங்கி வந்த லாரியின் விளக்கு, ஈரத் துணியில் சொட்டிய மை மாதிரிப் பரவிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் ஆவி படிந்திருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன். ஆவி இல்லை. அடுத்த வளைவில் ஓரத்துக் கல் எங்கே முடிகிறது என்று ஒரு நொடி எனக்குத் தெரியவில்லை. உள்ளே நாற்பது பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அரவேணு வருகிற வரைக்கும் நான் வண்டி ஓட்டியது வெறும் பழக்கத்தில்தான்.

மறுநாள் கண் டாக்டரிடம் போனேன். அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, "கண்ணாடி எழுதுறதுக்கு முன்னாடி சுகர் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பினார். வெறும் வயிற்றில் 212. மூன்று மாதச் சராசரி சொல்கிற டெஸ்டில் 9.4. அது 6.5 ஆனாலே சர்க்கரை நோய் என்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் கண்ணின் லென்ஸ் உப்பிப் பார்வை மங்கும், சர்க்கரை இறங்கினால் அது சரியாகிவிடும் என்றார் டாக்டர். ஆனால் பின்னால் இருக்கிற விழித்திரையின் மெல்லிய ரத்தக்குழாய்கள் கெட ஆரம்பித்தால், போன பார்வை போனதுதான். எனக்கு அதுவரைக்கும் போகவில்லை. போயிருந்தால் லைசென்ஸ் போயிருக்கும், ஸ்டியரிங் போயிருக்கும். எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. உங்களில் எத்தனை பேர் சுகர் பார்த்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது? இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னது. அதில் தனக்கு இருப்பதே தெரியாமல் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருப்பவர்களும் இருப்பார்கள், நான் இருந்த மாதிரி.

அதே வருடம் என்னோடு ஓடிய ஒருவர் போய்ச் சேர்ந்தார். பெயர் வேண்டாம், பழகியவர்களுக்குத் தெரியும். 51 வயது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டே வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங் மேல் சாய்ந்தார். ஒரு பயணிக்கும் கீறல் இல்லை. இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அதைத்தான் பெருமையாகப் பேசினோம். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருக்கு அந்த நிலைமை வராமல் இருக்க நாங்கள் ஒருவருக்கொருவர் என்ன செய்தோம் என்று யோசித்தேன். டிரிப்புக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தோம், இரண்டு வர்க்கியோடு.

சரி, டாக்டர் "தினமும் நடங்க" என்றார். நானும் ஆரம்பித்தேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து நடப்பது என்று முடிவு பண்ணினேன். பதினோரு நாள் நடந்தது. பன்னிரண்டாம் நாள் ஸ்டே வண்டி போட்டார்கள். இரவு பத்தரைக்கு ஒரு ஊரில் வண்டியை நிறுத்திப் படுத்து, நாலே முக்காலுக்கு எழுந்து எடுக்க வேண்டும். அதற்கு அடுத்த வாரம் டூட்டி நேரம் மாறியது. அதற்கும் அடுத்து சீசன் ஸ்பெஷல். அப்புறம் ஜிம்முக்குப் பணம் கட்டினேன். மூன்று மாதத்துக்குக் கட்டிவிட்டு நாலே நாள்தான் போக முடிந்தது. ஒவ்வொரு முறை விட்டபோதும் நமக்கு மன உறுதி இல்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். இரண்டு வருடம் இப்படியே போனது.

இங்கேதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் ஆபீஸ் போய், ஒரே நேரத்தில் வீடு திரும்புகிறவர்களுக்கு ஏற்ற ஏற்பாடுதான் காலை ஐந்து மணி நடையும் ஜிம்மும். "காலை ஐந்து மணி" என்பது நம் வாழ்க்கையில் தினமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. சில நாள் அது தூக்கம், சில நாள் டூட்டி, சில நாள் ஹட்டி என்கிற ஏதோ ஒரு படுகர் கிராமத்தில் ஸ்டே ரூம். நேரத்தோடு கட்டிய எந்தப் பழக்கமும் நமக்கு ஒரு மாதம் தாங்காது. நம் வாழ்க்கையில் மாறாமல் தினமும் வருவது டிரிப் ஒன்றுதான். எந்த டூட்டியானாலும் வண்டியை ஸ்டார்ட் செய்கிறோம், ஏர் ஏறுகிறது, கடைசி நிறுத்தத்தில் நிறுத்துகிறோம், திரும்ப எடுக்கிறோம். பயிற்சியை அதில் கட்டிப் போட வேண்டும். என் நான்கு வருட அனுபவம் அவ்வளவுதான். மீதியெல்லாம் விவரம்.

இதை எனக்குப் புரிய வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என்னோடு ஓடிய நடத்துநர் அண்ணன். எங்கே வண்டி நின்றாலும் இறங்கி, ஒரு சின்ன இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வருவார். ஒரு சுற்று இல்லை, ஏழெட்டுச் சுற்று. டயரைப் பார்க்கிறார் என்றுதான் பல வருடம் நினைத்தேன். ஒரு நாள் கேட்டேன். "முதல் சுத்து டயருக்கு, மிச்சம் எனக்கு" என்றார். ரிட்டயர் ஆகும்வரை பிரஷர் மாத்திரை கூட இல்லாமல் இருந்த மனிதர்.

இன்னொருவர் பிசியோதெரபி அம்மா. என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்தபோது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கை கால் பயிற்சி கொடுத்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், எங்கள் ஊர் மாதிரி பஸ் இறங்கி மேடு ஏற வேண்டிய ஊருக்கும் அவர்கள் வந்தார்கள். ஓய்வு நாளில் நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்துவிட்டு என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "நாள் முழுக்க உழைக்கிறேம்மா, இதுக்கு மேல என்ன பயிற்சி" என்றும் சொன்னேன். நாம் எல்லோரும் சொல்வதுதானே. அவர் சொன்னார்: "அண்ணா, நீங்க களைச்சுப் போறது நிஜம். ஆனா உங்க தொடை இன்னைக்கு என்ன வேலை செஞ்சது?"

பதில் வரவில்லை. கண் வேலை செய்தது, மூளை வேலை செய்தது, கை செய்தது. இடது கால் கிளட்சை மிதித்தது. இடுப்புத் தசை எட்டு மணி நேரம் அசையாமல் உடம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்து நொந்துபோனது. தொடையும் பிட்டமும் சீட்டில் சும்மா கிடந்தன. உடம்பிலேயே பெரிய தசைகள் அவைதான், சாப்பிட்ட சர்க்கரையை அதிகமாக வாங்கிச் செலவழிப்பதும் அவைதான் என்று அவர் விளக்கினார். சாப்பிட்டதும் பத்து பதினைந்து நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை அந்த அளவுக்கு ஏறாது என்றார். நாமோ சாப்பிட்ட கையோடு ஏறி உட்கார்ந்து ஒன்றே கால் மணி நேரம் ஓட்டுகிறோம்.

அவர்தான் லண்டன் பஸ் கதையையும் சொன்னார். அப்புறம் நானே தேடிப் படித்தேன். ஒவ்வொரு பணிமனையிலும் எழுதி ஒட்ட வேண்டிய கதை அது. ஜெரமி மோரிஸ் என்ற டாக்டர் லண்டன் மாடி பஸ்களின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஆராய்ந்து 1953-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். ஒரே வண்டி, ஒரே ரோடு. ஓட்டுநர் டூட்டி முழுக்க உட்கார்ந்திருந்தார். நடத்துநர் மாடிக்கும் கீழுக்குமாக ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி ஏறினார். மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவாக வந்தது. வந்தவர்களுக்கும் தள்ளி வந்தது, உயிரைப் பறித்ததும் குறைவு. உடம்பை அசைப்பதற்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பைக் கணக்கோடு காட்டிய முதல் பெரிய ஆய்வுகளில் ஒன்று அது. உலகத்துக்கே இதைக் கற்றுக்கொடுத்தது நம் தொழில்காரர்களின் உடம்புதான் என்று படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

மோரிஸ் அதோடு விடவில்லை. யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்த கணக்கை எடுத்து, பேண்ட்டின் இடுப்பளவை ஒப்பிட்டு 1956-ல் எழுதினார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரியதாக இருந்தது. நம் பீரோவில் இருக்கிற பழைய பேண்ட்டை எடுத்துப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு 32. சுகர் தெரிந்தபோது 38. நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள். அது சுமார் 35 அங்குலம். மோரிஸ் 2009-ல் இறந்தபோது அவருக்கு வயது 99.

இப்போது நான் செய்வதை அப்படியே சொல்கிறேன்.

வண்டியை ஸ்டார்ட் செய்து, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கீழே இறங்குகிறேன். ஏர் ஏறுகிற ஐந்து நிமிடமும் என்னுடையது. முதலில் கழுத்தை மெதுவாக வலது தோள் வரைக்கும் திருப்பி, அப்புறம் இடது. அவசரமே கூடாது, குளிரில் சதை இறுகியிருக்கும். தோளைப் பின்பக்கமாகப் பத்துச் சுற்று. பிறகு முன் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது, இருபது முறை. கெண்டைக்கால் சதைதான் காலில் தேங்குகிற ரத்தத்தை மேலே தள்ளி அனுப்புகிற பம்ப். இரவு டூட்டி முடிந்து ஷூவைக் கழற்றும்போது சாக்ஸ் அச்சு ஆழமாகப் பதிந்திருக்கிறதே, அந்த வீக்கம் எனக்கு முக்கால்வாசி போய்விட்டது. கடைசியாகக் கீழ்ப்படியில் ஒரு கால் வைத்து ஏறி இறங்குவது, காலுக்குப் பத்து. பஸ் படி உயரம் அதிகம். முதல் வாரம் ஐந்தோடு நிறுத்துங்கள். பனி பெய்த காலையில் படி வழுக்கும், துடைத்துவிட்டு ஏறுங்கள். ஆரம்பத்தில் ஐந்து ஏறியதுமே முழங்கால் கடகடத்தது, மூச்சு வாங்கியது. இரண்டு மாதத்தில் பத்து சாதாரணமாகிவிட்டது.

கடைசி நிறுத்தத்தில் இறங்கியதும் முதல் வேலை நடை. டீ அப்புறம்தான். மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, ஊட்டியில் ஸ்டாண்டைச் சுற்றி, குன்னூரில் இடம் இருக்கிற வரைக்கும். வண்டி எடுக்க இருபது நிமிடம் இருந்தால் பத்து நிமிடம் நடை, மூன்று நிமிடம் சிமெண்ட் பெஞ்சில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, மீதி டீக்கும் பாத்ரூமுக்கும். டீ சர்க்கரை இல்லாமல். அதற்கு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிட்டது. வண்டியின் பக்கவாட்டில் இரண்டு கையையும் ஊன்றிச் சாய்ந்து தள்ளுவதும் உண்டு, பதினைந்து முறை. முன்பு பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தோளும் மார்பும் அந்த வேலையைச் செய்தன. அதை இப்போது யாரும் நம்மிடம் கேட்பதில்லை.

மூத்தவர்கள் "எங்க காலத்துல பயிற்சியா செஞ்சோம்" என்று கேட்கிறார்கள். அண்ணா, நீங்கள் செய்தீர்கள். வீட்டிலிருந்து பணிமனைக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் ஏறி இறங்கி நடந்து வந்தீர்கள். அந்த ஸ்டியரிங்கை ஒடித்தீர்கள். கேரியரில் முட்டைகோஸ் மூட்டை ஏற்றக் கை கொடுத்தீர்கள். நாங்கள் பைக்கில் வருகிறோம், இரண்டு விரலில் ஸ்டியரிங் திருப்புகிறோம். உங்களுக்கு வேலையோடு வந்ததை நாங்கள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கணக்குப் பாருங்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை பத்து நிமிடம் நடந்தால் நாற்பது. வாரத்தில் ஐந்து டூட்டி நாளுக்கு இருநூறு நிமிடம். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும்தான். குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் சேரும் என்று முன்பு சொல்லிவந்தார்கள். 2020-ல் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். ஆறு நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும். நம்மை மனதில் வைத்தே எழுதியது போல இருந்தது எனக்கு. பத்தாயிரம் அடி, பத்தாயிரம் அடி என்று செல்போனைப் பார்த்து மலைக்க வேண்டாம். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. அதைவிடக் குறைவாக நடப்பவர்களுக்கும் நல்ல பலன் கிடைப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஏப்ரல், மே சீசனில் இது நடக்காது, எனக்குத் தெரியும். குன்னூரில் நுழையவே முக்கால் மணி நேரம், ஸ்டாண்டில் நிறுத்தியதும் டைம் கீப்பர் விசில். அந்த நாட்களில் ஏர் ஏறுகிற நேரத்துப் பயிற்சியை மட்டும் விடாமல் செய்கிறேன். முன்பெல்லாம் இரண்டு நாள் விட்டால் மொத்தமாக விட்டுவிடுவேன். இப்போது அடுத்த டிரிப் வந்தாலே அது தானாக ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

நடத்துநர் தம்பிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு மாடி இல்லை, ஆனால் மேட்டுப்பாளையம் குன்னூர் ரோட்டின் 14 கொண்டை ஊசி வளைவிலும் ஒரு கையில் டிக்கெட் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்று சமாளிக்கிறீர்கள். இதயத்துக்கு அது நல்லதுதான். உங்களுக்கு வலி வேறு இடத்தில், குதிகாலில், முழங்காலில், காலில் புடைக்கிற நரம்பில். நீங்கள் கடைசி நிறுத்தத்தில் நடக்க வேண்டியதில்லை. பின் சீட்டில் சாய்ந்து காலை உயரத் தூக்கி வைத்து ஐந்து நிமிடம், அப்புறம் சுவரில் கை ஊன்றி ஒரு காலைப் பின்னால் நீட்டிக் கெண்டைக்காலை இழுத்து அரை நிமிடம், இரண்டு காலுக்கும். அது போதும்.

ஸ்டே வண்டிக்காரர்கள் இருட்டில் எஸ்டேட் பாதையில் நடக்கப் போகாதீர்கள். சோலூர்மட்டம், கீழ் கோத்தகிரி பக்கம் கரடி எந்த நேரத்தில் எங்கே வரும் என்று சொல்ல முடியாது. காட்டெருமை தேயிலைக்குள் படுத்திருப்பது பக்கத்தில் போகும்வரை தெரியாது. ஸ்டே ரூமுக்குள்ளேயே கம்பளியை விரித்து மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி, இடுப்பை மட்டும் மெதுவாகத் தூக்கி ஐந்து எண்ணி இறக்குங்கள். பத்து முறை. என் இடுப்பு வலிக்குத் தைலத்தைவிட இது கேட்டது. பிசியோ அம்மா என்னிடம் "எல்லாத்தையும் விட்டாலும் இதை விடாதீங்க" என்று சொன்ன பயிற்சி இதுதான்.

ஓய்வு நாளில் கொஞ்சம் நீளமாக, முக்கால் மணி நேரம், ஏற்றம் இருக்கிற ரோட்டில் நடக்கிறேன். அதில் ஒரு விஷயம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். ஊட்டியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் கடற்கரையைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. கீழே நடந்த வேகத்திலேயே மேலேயும் நடந்தால் இரைக்கும், அதைப் பார்த்துப் பயந்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். இறக்கத்தில் முழங்காலுக்கு அடி விழும். ஏறுகிற கியரில் இறங்கு என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்களே, காலுக்கும் அதேதான். சின்னச் சின்ன அடியாக வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, பிடித்துப் பிடித்து இறங்குங்கள்.

இனி சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். பிரஷர் இருப்பவர்கள், நெஞ்சு வலி வந்தவர்கள், டாக்டரிடம் கேட்காமல் ஏற்றம் ஏற ஆரம்பிக்க வேண்டாம். உறைபனிக் காலையில் ரத்தக்குழாய் சுருங்கிப் பிரஷர் ஏறும், இதயத்துக்குச் சுமை கூடும். அப்போது வெயில் வந்த பிறகு நடங்கள். நடக்கும்போது நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் உட்காருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வாயு என்று சோடா குடித்துக்கொண்டு நிற்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பிடாமல் பயிற்சி செய்துவிட்டு ஸ்டியரிங்கில் உட்காரவே கூடாது. சர்க்கரை தாழ்ந்தால் கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், கண் இருட்டும், என்ன செய்கிறோம் என்று தெரியாது. என் சட்டைப் பையில் எப்போதும் நான்கு மிட்டாய் இருக்கும். ஒரே ஒரு தடவை, மேட்டுப்பாளையத்தில், தேவைப்பட்டது. மிட்டாயைப் போட்டுக்கொண்டு, டைம் கீப்பரிடம் சொல்லிவிட்டு, கால் மணி நேரம் கழித்து, உடம்பு முழுதாகத் தெளிந்த பிறகுதான் வண்டியை எடுத்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை.

அதிகாரிகளும் சங்கத் தலைவர்களும் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். தொடர்ந்து ஐந்து மணி நேர வேலைக்கு மேல் போகாமல் அரை மணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்று 1961-ம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே எழுதி வைத்தது. டைம் ஷீட் போடும்போது சீசன் டிராபிக்கைக் கணக்கில் எடுத்தால் அந்த ஓய்வு ஓய்வாக நமக்கு வந்து சேரும். இன்னொன்று பாத்ரூம். நான் ஓடிய ஒரு கடைக்கோடி ஊரில் இரண்டு வருடமாக அது பூட்டியே கிடந்தது. போக இடமில்லை என்றால் ஆள் தண்ணீர் குடிக்க மாட்டான். தண்ணீர் குடிக்காதவனுக்கு நடக்கவும் மனம் வராது, சிறுநீரகக் கல்தான் வரும். எங்களுக்கு ஜிம் வேண்டாம். கடைசி நிறுத்தத்தில் தண்ணீர், திறந்திருக்கிற ஒரு பாத்ரூம், மழைக்கு ஒதுங்கி நடக்க ஐம்பது அடி கூரை இருந்தால் மீதியை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

என் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதச் சராசரி இப்போது 6.9. மாத்திரை நிற்கவில்லை, ஒன்று குறைந்திருக்கிறது. பேண்ட் 36-க்கு வந்து நிற்கிறது. விழித்திரையை வருடத்துக்கு ஒரு தடவை காட்டிவிடுகிறேன், போன மாதமும் சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். குஞ்சப்பனை வளைவில் எதிரே வருகிற விளக்கு இப்போது விளக்காகத் தெரிகிறது.

இந்த மாதம் எனக்கு மேட்டுப்பாளையம் டூட்டி. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஸ்டாண்டின் பின்பக்கம், வண்டிகள் ஓய்வுக்கு நிற்கிற இடத்தில் நடந்துகொண்டிருப்பேன். இப்போதைக்கு நாங்கள் மூன்று பேர். எந்தப் பணிமனையாக இருந்தாலும் வந்து சேர்ந்துகொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள். அங்கே தரையில் எப்போதும் ஆயில் சிந்தியிருக்கும்.

அன்புடன்,
உங்களோடு ஓடுகிற ஓர் ஓட்டுநர்,
கோத்தகிரி